ஆங்கில அயற்கூற்றில் காலத்தை எப்போது மாற்றுவது? உயர்கல்வித் தகவல்களை வைத்துப் பயிற்சி செய்யும்போது எழும் ஐயங்கள்

கேள்வி: ஈசூன் வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் மகள் உயர்நிலை நான்கில் படிக்கிறாள்; மகன் தொடக்கநிலை ஆறு. நான் தமிழ்நாட்டில் தமிழ்வழியில் படித்து, திருமணத்திற்குப் பின் சிங்கப்பூருக்கு வந்தவள். பகுதிநேரப் பட்டயப் படிப்பு ஒன்றில் சேர வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அதற்கு முன் ஆங்கில எழுத்தைச் சீர்ப்படுத்திக்கொள்ளலாம் என்று பிள்ளைகளோடு சேர்ந்து நானும் இலக்கணப் பயிற்சி செய்து வருகிறேன்.

கடைகளில் கிடைக்கும் பயிற்சி நூல்களில் அயற்கூற்றுக்கென்று கொடுக்கப்படும் வாக்கியங்கள் எங்கள் வீட்டுப் பேச்சோடு ஒட்டவில்லை. எங்கள் வீட்டில் இப்போது எந்நேரமும் மகளின் மேற்படிப்பைப் பற்றிய பேச்சுத்தான். ஆகவே ஜனவரியில் பலதுறைத் தொழிற்கல்லூரி (பாலிடெக்னிக்) ஒன்றின் ஓப்பன் ஹவுஸுக்கு, அதாவது மாணவரும் பெற்றோரும் கல்லூரியை நேரில் வந்து பார்க்கும் நாளுக்கு, போயிருந்தபோது, விரிவுரையாளர் ஒருவரும் அங்கே உதவிக்கு நின்ற மாணவர்களும் சொன்னவற்றை, அவர்கள் சொன்ன சொற்களிலேயே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பக்கத்தை இரண்டாக மடித்து, இடப்பக்கம் அவர்கள் சொன்னது, வலப்பக்கம் நாங்கள் மாற்றி எழுதும் அயற்கூற்று என்று மூவரும் பயிற்சி செய்கிறோம். பயனுள்ள வேலையாகத்தான் தெரிகிறது. ஆனால் சில இடங்களில் எங்களுக்குள் கருத்து ஒத்துப்போகவில்லை.

விரிவுரையாளர் சொன்னது: "சிங்கப்பூர் ஹேஸ் ஃபைவ் பாலிடெக்னிக்ஸ்." மகள் இதை "ஷி செட் தட் சிங்கப்பூர் ஹேட் ஃபைவ் பாலிடெக்னிக்ஸ்" என்று மாற்றினாள். எனக்கு அதைப் படிக்கும்போது, முன்பு ஐந்து இருந்தன, இப்போது இல்லை என்பது போல ஒலிக்கிறது. சிங்கப்பூர், நீ ஆன், தெமாசெக், நன்யாங், ரிபப்ளிக் ஆகிய ஐந்தும் இன்றும் இயங்கிக்கொண்டிருக்கும்போது "ஹேட்" என்று எழுதுவது முறைதானா? அடுத்து, "யூ மஸ்ட் அப்ளை பிஃபோர் த க்ளோசிங் டேட்" என்பதில் "மஸ்ட்" அப்படியே நிற்கலாமா, "ஹேட் டு" ஆக வேண்டுமா? மகளிடம் அவர் "வாட் டூ யூ வாண்ட் டு ஸ்டடி?" என்று கேட்டதை எந்த வரிசையில் எழுதுவது? "வொய் டோண்ட் யூ ட்ரை த எர்லி அட்மிஷன் எக்சர்சைஸ்?" என்று ஒரு மாணவி சொன்னது வடிவில் கேள்வி, பொருளில் யோசனை, அதை எப்படி மாற்றுவது? (எர்லி அட்மிஷன் என்பது, பொதுத்தேர்வு முடிவு வருமுன்பே தொழிற்கல்லூரி இடத்துக்கு விண்ணப்பிக்கும் ஏற்பாடு.)

எல்லாவற்றுக்கும் மேலாக, மகனின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்கு ஒரு விதி, பெரியவர்கள் எழுதும் ஆங்கிலத்துக்கு இன்னொரு விதி என்று இருக்கிறதா என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1: தோ பாயோ ஆசிரியர் (ஓய்வு)

அன்புச் சகோதரிக்கு வணக்கம். உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில், உங்கள் பயிற்சி முறையை மனமாரப் பாராட்டுகிறேன். தங்களுக்கு வேண்டிய தகவலை ஒருவர் சொல்லக் கேட்டு, அதை இன்னொருவருக்குத் திருத்தமாக எடுத்துச் சொல்வதற்காகத்தான் இந்த இலக்கணமே இருக்கிறது.

முதல் கேள்வியில் உங்கள் மகள் எழுதியதும் சரி, உங்களுக்குத் தோன்றியதும் நியாயம். "செட்" என்பது இறந்தகாலத்தில் இருப்பதால் அதைத் தொடரும் வினையும் ஒரு படி பின்னே போவது பொது விதி. அப்படிப் பின்னே போன "ஹேட்", அந்தச் செய்தி இன்று பொய்யாகிவிட்டது என்று சொல்வதில்லை. அவர் அன்று அப்படிச் சொன்னார் என்பதை மட்டும் தெரிவித்துவிட்டு, இன்றைய நிலையைப் பற்றி வாய் திறக்காமல் நிற்கிறது. மாறாக, "ஷி செட் தட் சிங்கப்பூர் ஹேஸ் ஃபைவ் பாலிடெக்னிக்ஸ்" என்று நீங்கள் எழுதினால் அதுவும் இலக்கணப்படி சரியானதே. ஆனால் அப்போது, செய்தி இன்றும் உண்மை என்று நீங்களே பொறுப்பேற்றுக்கொள்கிறீர்கள். எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது, அந்தச் செய்தியை நீங்கள் சரிபார்த்துவிட்டீர்களா என்பதைப் பொறுத்தது.

உயர்கல்வியைப் பற்றிய செய்திகளில் இது சிறிய விஷயம் இல்லை, ஏனெனில் நம் உயர்கல்வி அமைப்பு தொடர்ந்து மாறிக்கொண்டே வருகிறது. 2013ஆம் ஆண்டில் ஒருவர் "சிங்கப்பூர் ஹேஸ் ஃபோர் ஆட்டோனமஸ் யூனிவர்சிட்டீஸ்" (நான்கு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள்) என்று சொல்லியிருந்தால் அது அன்றைக்கு உண்மை: சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், 2000ஆம் ஆண்டில் தொடங்கிய சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம், 2012ஆம் ஆண்டில் முதல் மாணவர்களைச் சேர்த்த சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம். 2014இல் எஸ்ஐடி எனப்படும் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் தன்னாட்சி பெற்றது. 2017இல் யூனிசிம் என்ற தனியார் பல்கலைக்கழகம் தன்னாட்சி பெற்றுச் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகமாயிற்று. இன்று ஆறு. ஆகவே அந்த 2013ஆம் ஆண்டுக் கூற்றை இன்று எடுத்தெழுதும்போது "ஹேட் ஃபோர்" என்று மட்டுமே எழுத முடியும். "ஹேஸ் ஃபோர்" என்று எழுதினால் இலக்கணமும் பிழை, தகவலும் பிழை. 2024இல் திறக்கப்பட்ட கலைப் பல்கலைக்கழகத்தையும் சேர்த்து ஏழு என்று சிலர் எண்ணுகிறார்கள். 1938இல் தொடங்கிய நன்யாங் நுண்கலைக் கழகமும் 1984இல் தொடங்கிய லாசால் கலைக் கல்லூரியும் இணைந்து உருவாக்கிய அது, அரசாங்க ஆதரவு பெற்ற தனியார் பல்கலைக்கழகம். தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களின் கணக்கில் அது சேராது. பிள்ளைகளுக்குப் பயிற்சி வாக்கியம் தயாரிக்கும்போது இத்தகைய வேறுபாடுகளையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இதே காரணத்தால், உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வைப் பற்றிய வாக்கியங்களிலும் எச்சரிக்கை தேவை. 2027 முதல் சாதாரண நிலை, வழக்க நிலைத் தேர்வுகளின் இடத்தில் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் வருகிறது. அதற்கு முன்னர் ஒருவர் சொன்னதை அதற்குப் பின்னர் எழுதுவோர், நிகழ்காலத்தை அப்படியே வைத்துவிட்டால் படிப்பவர் ஏமாறுவார்.

ஆண்டு குறிப்பிட்டு வரும் இறந்தகால வாக்கியத்தில் உங்களுக்குச் சற்று விடுதலை உண்டு. "சிங்கப்பூர் பாலிடெக்னிக் வாஸ் எஸ்டாப்ளிஷ்ட் இன் 1954" என்று ஒருவர் சொன்னதை, பள்ளி விதிப்படி "ஹேட் பீன் எஸ்டாப்ளிஷ்ட்" என்று மாற்றலாம்; ஆண்டே காலத்தைத் தெளிவாக்கிவிடுவதால் "வாஸ்" என்றே விட்டாலும் தவறில்லை.

"மஸ்ட்" பற்றி: அயற்கூற்றில் அது "ஹேட் டு" ஆவதும் உண்டு, "மஸ்ட்" ஆகவே நிற்பதும் உண்டு. முடிந்துபோன ஒரு கடமைக்கு "ஹேட் டு" பொருந்தும். தொடர்ந்து நடைமுறையில் இருக்கும் விதிக்கு "மஸ்ட்" அழுத்தம் தரும். எடுத்துக்காட்டாக, பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டண மானியம் பெறும் வெளிநாட்டு மாணவர்கள் படிப்பு முடிந்ததும் மூன்றாண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் பணியாற்ற வேண்டும் என்ற விதியைச் சொல்லும்போது "மஸ்ட்" என்பதை நான் அப்படியே வைப்பேன். விண்ணப்ப இறுதி நாளைப் பற்றிய உங்கள் வாக்கியத்தில், அந்த நாள் கடந்துவிட்டிருந்தால் "ஹேட் டு" நல்லது. "வுட்", "குட்", "ஷுட்", "மைட்" ஆகியவற்றைத் தொடவே வேண்டாம்.

கேள்வியை மாற்றும்போது அது கேள்வியின் வரிசையை இழந்துவிட வேண்டும். "ஷி ஆஸ்க்ட் மை டாட்டர் வாட் ஷி வாண்டட் டு ஸ்டடி." இதில் "டூ" இல்லை, கேள்விக்குறியும் இல்லை. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியாயின் "இஃப்" அல்லது "வெதர்" வேண்டும். மாணவி சொன்ன யோசனைக்கு "ஷி சஜெஸ்டட் தட் மை டாட்டர் ட்ரை த எர்லி அட்மிஷன் எக்சர்சைஸ்" என்று எழுதுங்கள். "ட்ரை" என்பதற்கு முன் "ஷுட்" சேர்த்தாலும் சரியே. "சஜெஸ்டட் மை டாட்டர் டு ட்ரை" என்பது நம்மவர் எழுத்தில் மிகப் பரவலாகக் காணும் பிழை. "அட்வைஸ்ட்" என்ற வினைக்குத்தான் அந்த அமைப்பு உரியது.

உங்கள் மகனின் தேர்வைப் பொறுத்தவரை ஒன்றே சொல்வேன். வாக்கியங்களை இணைத்து மாற்றி எழுதும் பகுதியில் ஐந்து வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். அங்கே காலத்தை ஒரு படி பின்னே தள்ளி எழுதுவதே பாதுகாப்பானது. நான் மேலே சொன்ன தேர்வுரிமையை அவன் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு மெல்லப் பயன்படுத்தட்டும். விதிகள் இரண்டல்ல, பன்னிரண்டு வயதுப் பிள்ளை பொது விதியை உறுதியாகக் கற்றிருக்கிறானா என்றுதான் அங்கே பார்க்கிறார்கள்.


பதில் 2: ஜூரோங் கதிர்

அக்கா, வணக்கம். நான் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் ஹையர் நைட்டெக் என்ற தொழிற்கல்விச் சான்றிதழ்ப் படிப்பை முடித்து, அங்கிருந்து பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு வந்து இறுதியாண்டில் படிப்பவன். ஐயா இலக்கணத்தை விளக்கிவிட்டார். நீங்களும் பட்டயப் படிப்பில் சேர இருப்பதால், உள்ளே வந்த பிறகு இந்த அயற்கூற்று எங்கே தேவைப்படுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்களுக்குத் தேர்வுகளை விட அறிக்கைகள் அதிகம். ஒரு குழுத்திட்டத்துக்காக நான்கைந்து பேரை நேரில் கண்டு பேசி, அவர்கள் சொன்னதை அறிக்கையில் எழுத வேண்டும். முதலாண்டில் எங்கள் குழுவின் அறிக்கை திரும்பி வந்தபோது, ஓரத்தில் ஒரே குறிப்பு பல இடங்களில் எழுதப்பட்டிருந்தது: "யார் சொன்னது? எப்போது?" அதற்குப் பிறகுதான் "செட்" என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது என்பது எங்களுக்கு விளங்கியது. உறுதியான தகவலைச் சொன்னால் "ஸ்டேட்டட்" அல்லது "எக்ஸ்ப்ளெய்ண்ட்", ஆதாரம் காட்டாமல் வலியுறுத்தினால் "க்ளெய்ம்ட்", தம் மனத்தில் பட்டதைச் சொன்னால் "ஃபெல்ட்", எச்சரித்தால் "வார்ன்ட்". சொல்லப்பட்டதன் தன்மையை இந்த வினைகள் படிப்பவருக்குத் தெரிவித்துவிடுகின்றன.

ஓப்பன் ஹவுஸில் கேட்டவற்றுக்கு இது மிகவும் பொருந்தும். அங்கே நிற்கும் மாணவர் ஒருவர் அன்பினால் "யூ வில் ஷுவர்லி கெட் இன்டு யூனிவர்சிட்டி ஆஃப்டர் திஸ்" என்று சொல்லலாம். அதை "ஷி எக்ஸ்ப்ளெய்ண்ட் தட்" என்று தொடங்கி எழுதினால் அது கல்லூரியின் விதி போல ஆகிவிடும். பட்டயம் முடித்தவர்களுக்குப் பல்கலைக்கழக இடம் அவரவர் ஜிபிஏ எனப்படும் சராசரி மதிப்பெண் புள்ளியையும் பாடத்திட்டத்துக்குப் பாடத்திட்டம் மாறும் போட்டியையும் பொறுத்தது. நான்குக்கு எவ்வளவு எடுத்தோம் என்று ஒவ்வொரு பருவமும் எண்ணிக்கொண்டிருக்கும் எங்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆகவே அந்த இடத்தில் "ஷி வாஸ் கான்ஃபிடன்ட் தட் மை டாட்டர் வுட் கெட் இன்டு யூனிவர்சிட்டி" என்று எழுதுவதுதான் அந்த மாணவிக்கும் உங்கள் மகளுக்கும் நியாயம்.

இன்னொன்று. எர்லி அட்மிஷனில் நேர்காணல் உண்டு. ஏன் இந்தப் படிப்பு என்று கேட்கும்போது, பணியிடத்தில் ஒருவர் தனக்கு என்ன சொன்னார் என்பதைத் தெளிவாக எடுத்துச் சொல்லத் தெரிந்த மாணவருக்கு அது பெரிய பலம். தங்கை இப்போது எழுதிப் பழகுவதை வாயாலும் சொல்லிப் பழகட்டும்.


பதில் 3: தமிழாசிரியை, பொங்கோல்

வணக்கம். நம் பிள்ளைகள் ஏன் இந்தக் குறிப்பிட்ட இடத்திலேயே தடுமாறுகிறார்கள் என்பதைத் தமிழ் வகுப்பின் பக்கமிருந்து சொல்ல விரும்புகிறேன்.

தமிழ் அயற்கூற்றையும் நாங்கள் பள்ளியில் கற்பிக்கிறோம். "நான் நாளை இங்கே வருவேன்" என்று அவர் கூறியது, "தான் மறுநாள் அங்கே வருவதாக அவர் கூறினார்" என்று ஆகிறது. நான் என்பது தான் ஆயிற்று, நாளை மறுநாளாயிற்று, இங்கே அங்கே ஆயிற்று. ஆனால் வருதல் என்ற செயலின் காலம் எதிர்காலமாகவே நிற்பதைப் பாருங்கள். கூறியது போன ஆண்டாக இருந்தாலும் "வருவதாக" என்பது மாறாது. கூறிய நேரத்திலிருந்து பார்த்தே தமிழில் காலத்தைச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர் தாம் நிற்கும் இடத்திலிருந்து பின்னோக்கிப் பார்த்து, "வில்" என்பதை "வுட்" ஆக்க வேண்டியிருக்கிறது. "கட்டணம் உயரும் என்று அவர் சொன்னார்" என்று மனத்துக்குள் நினைத்துக்கொண்டு எழுதும் பிள்ளை "ஹீ செட் தட் த ஃபீ வில் இன்க்ரீஸ்" என்று எழுதுவது இதனால்தான். பிள்ளைக்குப் புரியவில்லை என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். அவனுக்குப் பொருள் நன்றாகவே புரிந்திருக்கிறது. தாய்மொழியில் அவன் கற்றிருப்பது வேறு முறை, அவ்வளவுதான். இதை ஒரு முறை எடுத்துச் சொல்லிவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள்.

இடப்பெயர், காலப்பெயர், மாற்றுப்பெயர் ஆகிய மூன்றிலும் இரு மொழிகளும் ஏறக்குறைய ஒன்றாகவே நடக்கின்றன. ஆகையால் தமிழ்ப் பாடத்தில் இந்தப் பகுதியைத் திருத்தமாகக் கற்ற பிள்ளைக்கு ஆங்கிலத்தில் பாதி வேலை முடிந்துவிட்டது என்பேன்.

தமிழில் இருந்து ஒரு உதவியும் பெறலாம். விரிவுரையாளர் மகளிடம் "நான் இங்கேதான் படித்தேன்" என்று சொன்னதை ஆங்கிலத்தில் "ஷி டோல்ட் மை டாட்டர் தட் ஷி ஹேட் ஸ்டடீட் தேர்" என்று எழுதினால், படித்தவர் விரிவுரையாளரா மகளா என்ற மயக்கம் வருகிறது. தமிழில் "தான் அங்கேயே படித்ததாக" என்றதும் மயக்கம் தீர்ந்துவிடும். எனவே முதலில் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "தான்" வரும் இடத்தில் ஆங்கிலத்தில் பெயரையோ "த லெக்சரர்" என்பதையோ எழுத வேண்டுமா என்று அப்போதே தெரிந்துவிடும்.


கேள்வி தொடர்ச்சி: ஈசூன் வாசகி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு நீங்கள் எழுதியவற்றைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டி, மகளும் நானுமாக ஒரு பத்தி எழுதினோம். ஆசிரியர் ஐயா பார்த்துச் சொல்ல முடியுமா?

"த லெக்சரர் எக்ஸ்ப்ளெய்ண்ட் தட் மோஸ்ட் டிப்ளமா கோர்சஸ் டேக் த்ரீ இயர்ஸ். ஷி ஆஸ்க்ட் மை டாட்டர் வெதர் ஷி ஹேட் தாட் அபௌட் நர்சிங். ஷி ஆடட் தட் நன்யாங் அண்ட் நீ ஆன் ஆஃபர் எ டிப்ளமா இன் நர்சிங். மை டாட்டர் ரிப்ளைட் தட் ஷி வில் டிசைட் நெக்ஸ்ட் மந்த். த லெக்சரர் டோல்ட் தட் தேர் வாஸ் நோ நீட் டு ஹரி."

"டேக்", "ஆஃபர்" இரண்டையும் நிகழ்காலத்தில் விட்டது எங்கள் தேர்வு. இணையத்தளத்தில் சரிபார்த்த பிறகே அப்படி எழுதினோம். "நெக்ஸ்ட் மந்த்" என்பதில்தான் மகளுக்கும் எனக்கும் ஐயம். மேலும், அன்று மாலையே பாட்டியிடம் தொலைபேசியில் இதைச் சொல்லியிருந்தால் அப்போதும் மாற்ற வேண்டுமா?


பதில் 4: தோ பாயோ ஆசிரியர் (ஓய்வு)

நல்ல பத்தி, சகோதரி. சரிபார்த்துவிட்டு நிகழ்காலத்தை வைத்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

திருத்த வேண்டியவை கடைசி இரண்டு வாக்கியங்களில் உள்ளன. முடிவெடுப்பதாக மகள் சொன்ன அந்த மாதம் ஏற்கெனவே வந்துபோய்விட்டதால், "ஷி வுட் டிசைட் த ஃபாலோயிங் மந்த்" என்று எழுதுங்கள். "டோல்ட்" என்ற வினை யாரிடம் என்பதைக் கேட்டு நிற்கும். "த லெக்சரர் டோல்ட் ஹெர் தட்" என்று எழுதுங்கள், அல்லது "செட் தட்" என்று மாற்றுங்கள். இங்கே "ஹெர்" என்பது மகளையே குறிக்கும் என்பதில் மயக்கம் இல்லை.

அன்று மாலையே பாட்டியிடம் சொல்வதானால் "நெக்ஸ்ட் மந்த்" என்றே சொல்லலாம், "வில்" என்றும் சொல்லலாம், ஏனெனில் பேசும் நேரத்தில் அந்த மாதம் இன்னும் வரவில்லை. ஆனால் குறிப்பேட்டில் எழுதி வைப்பதை நீங்கள் ஆறு மாதம் கழித்தும் எடுத்துப் பார்ப்பீர்கள். எர்லி அட்மிஷன் விண்ணப்பங்கள் ஆண்டின் நடுப்பகுதியில்தான் திறக்கும். அப்போது "த ஃபாலோயிங் மந்த்" என்பது எந்த மாதம் என்று நீங்களே யோசிக்க வேண்டி வரும். எனவே வலப்பக்கத்தின் தலைப்பில் ஓப்பன் ஹவுஸுக்குப் போன தேதியை முழுமையாக எழுதிவிடுங்கள். கட்டணம், புள்ளி வரம்பு, விண்ணப்ப நாள் ஆகியவற்றைப் பற்றிய வாக்கியங்களில் மட்டும், சொன்னவர் யார் என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். கதிர் தம்பியின் அறிக்கை ஓரத்தில் கேட்கப்பட்ட இரண்டு கேள்விகளும் அவற்றுக்குத்தான் முதலில் பொருந்தும்.

மகனுக்கு இதே பத்தியை மறுபக்கமாகக் கொடுங்கள். அயற்கூற்றைப் படித்து, விரிவுரையாளர் அன்று வாயால் சொன்ன சொற்களை அவன் நேர்க்கூற்றாக எழுதட்டும். "ஹேட் தாட்" என்பதை "ஹேவ் யூ தாட்" என்று அவன் தானாகவே மீட்டெடுத்தால், ஒரு படி பின்னே போகும் விதி அவனுக்குக் கைவந்துவிட்டது என்று நீங்கள் நம்பலாம்.